தாத்தாவின் நம்பு பிஸ்டல்: கையாளும் முறை

பொங்கோல் வீவக வீடுகளில் பாம் ஷெல்டரைக் குண்டுக்குப் பயந்து யாரும் திறப்பதில்லை. தீபாவளிக்கு முன்னால் முறுக்குக் குழாயைத் தேடித்தான் திறப்போம். தேக்கா வீட்டைக் காலி செய்தபோது வந்த தகரப் பெட்டியில், குழாய்க்குப் பதில் தாத்தாவின் ஜப்பான் 'நம்பு' பிஸ்டல் கிடைத்தால்?

முதலில், "நேதாஜி கையாலேயே கொடுத்தது" என்று பெரியப்பா சொல்வதை நம்பாதீர்கள். 1943 ஜூலையில் பாடாங்கில் நேதாஜி அணிவகுப்பைப் பார்வையிட்டது உண்மை. எல்லார் தாத்தாவுக்கும் பிஸ்டல் கொடுத்திருந்தால் அவருக்கு டில்லியைப் பற்றி நினைக்கவே நேரம் இருந்திருக்காது.

அடுத்து, என்ன ரகம் என்று தொடாமல் பாருங்கள். மெலிந்த குழல், பின்பக்கம் உருண்டைக் குமிழ் என்றால் 1925இல் வந்த 14ஆம் ரகம். தோட்டா தீர்ந்ததும் இதன் போல்ட் பின்னால் நின்றுவிடும். அதை அப்படி நிறுத்துவது மேகசின்தான். மேகசினை உருவினால் போல்ட் படாரென்று முன்னே பாயும். மேகசினில் தோட்டா இருந்தால் ஆபத்து வேறு: அதை எடுத்துவிட்டால் போதும் என்பவர்கள், குழலுக்குள் ஏறிவிட்ட ஒரு தோட்டாவை மறந்துவிடுகிறார்கள்.

சப்பையாக, அவசரத்தில் செய்தது போல் இருந்தால் 1934இன் 94ஆம் ரகம். உலகத்திலேயே மோசமான பிஸ்டல் என்று பெயரெடுத்தது. இடப்பக்கம் நீளமாக ஓர் இரும்புப் பட்டை வெளியே தெரியும். உள்ளே சுத்தியலைப் பிடித்து நிறுத்துவது அதுதான். தோட்டா ஏறி, பாதுகாப்புப் பூட்டும் விலகியிருந்தால், அந்தப் பட்டையின் முன்பக்கத்தை அழுத்தினாலே வெடிக்கும். விசைப்பக்கம் விரலே போக வேண்டாம். "ஓரமா ரெண்டு விரல்ல பிடிச்சு எடுடா" என்கிற பாட்டியின் யோசனை, குறிப்பாக இந்த ஒன்றுக்கு ஆகாது.

"ஒருமுறை சுட்டுப் பார்ப்போமே" என்று மச்சான் ஆரம்பிப்பார். சுருள்வில்லுக்கு எண்பது வயது. எந்தப் பாகம் எப்போது விட்டுக்கொடுக்கும் என்று அதற்கே தெரியாது. 1973ஆம் ஆண்டு ஆயுதக் குற்றச் சட்டப்படி, உரிமமின்றி வைத்திருந்தாலே 5 முதல் 10 ஆண்டு சிறை, குறைந்தது 6 பிரம்படி. பெண்களுக்கும் 50 வயதைத் தாண்டிய ஆண்களுக்கும் பிரம்படி கிடையாது. பாட்டியும் பெரியப்பாவும் தப்பித்தார்கள். வீட்டில் மிச்சம் யார் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

கடற்கரைக்குக் கொண்டுபோய்ப் படம் எடுக்கிற யோசனையும் வேண்டாம். 1942 பிப்ரவரி 28 அன்று ஜப்பானியப் படை அதே பொங்கோல் கடலோரத்தில் முந்நூறு, நானூறு சீனர்களைச் சுட்டுக் கொன்றது.

பெட்டியை அப்படியே விட்டுவிட்டு 999ஐ அழையுங்கள். நானே கொடுத்துவிட்டு வருகிறேன் என்று பிளாஸ்டிக் பையில் போட்டு எல்ஆர்டி மட்டும் ஏறாதீர்கள். போலிஸ் வீட்டுக்கே வரும்.