சீனிக் கணக்கர்

டென்மார்க்கில் நாலு தமிழ்க் குடும்பம் சேர்ந்த ஊரில் சீனிக் கணக்கர் ஒருவர் கட்டாயம் இருப்பார். ஹேர்னிங்கில் ஒருவர், வைலேயில் ஒருவர், ஓகூஸில் இரண்டு பேர். ஓகூஸ்காரர் இருவரும் ஒருவரோடொருவர் கதைப்பதில்லை; மாம்பழத்தில் எத்தனை கிராம் சீனி என்பதில் வந்த பிணக்கு.

எண்பதுகளில் வந்து, பனியில் சைக்கிள் ஓடி, தொழிற்சாலையில் இரவு வேலை செய்து, வீடு வாங்கி, பிள்ளைகளைப் படிப்பித்து, கடைசியில் ஒரு வயிற்றையும் சம்பாதித்துக்கொண்டவர் அவர். குடும்ப வைத்தியர் அந்த வயிற்றைப் பார்த்து, "கொஞ்சம் எடை குறையுங்கோ" என்று சொன்ன அன்றே எதிரியைத் தேடத் தொடங்கினார். வீடு முழுக்கச் சோதனை போட்டதில் அகப்பட்டது, மேசைமேல் சும்மா கிடந்த வாழைப்பழம்.

"தம்பி, உதைப் பழம் எண்டு நினைக்காதை. ஒண்டுக்கை பதினாலு கிராம் சீனி. கடவுள் தோல் போட்டு மூடி வைச்சதாலை ஒருத்தருக்கும் தெரியேல்லை."

கணக்கில் பிழை சொல்ல முடியாது. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறத்தாழ அவ்வளவு சீனி உண்டு. நூறு கிராம் ஆப்பிளில் பத்து கிராம், திராட்சையில் பதினைந்துக்கு மேல். எல்லாம் அவருக்கு மனப்பாடம். வேலைத்தலத்துக்கு வாராவாரம் பழக்கூடை வரும். டென்மார்க்கில் பல நிறுவனங்கள் இதைச் சம்பளத்தோடு சேர்ந்த மரியாதைபோல வைத்திருக்கின்றன. கூடையைக் கண்டால் நம்மவர் சுவரோரமாக ஒதுங்கி நடப்பார். பழமும் மரக்கறியுமாக நாளுக்கு அறுநூறு கிராம், ஆறு பங்கு தின்னச் சொல்லி அரசாங்கம் பிரசாரம் செய்கிறதே என்று கேட்டால், "அரசாங்கத்துக்கு வயிறு இருக்கே?" என்று திருப்பிக் கேட்பார்.

ஆனால் வெள்ளிக்கிழமை காலை அதே அறைக்கு வீனர்பிறோட் வரும். உலகம் டேனிஷ் பேஸ்ட்ரி என்று கொண்டாடும், வெண்ணெய் அடுக்கடுக்காக மடித்து, நடுவில் கஸ்டர்ட் ஊற்றி, மேலே ஐசிங் பூசிய சாமான். அதில் இரண்டு. "வேண்டாம் எண்டால் டெனிஷ்காரர் மனம் நோகும். அவங்கடை நாட்டிலை இருந்துகொண்டு அப்பிடிச் செய்யக் கூடாது."

அவரிடம் இரண்டு சட்டப் புத்தகங்கள் உண்டு. பழத்துக்கு ஒன்று: இயற்கைச் சீனியும் சீனிதான், மன்னிப்பில்லை. தேனுக்கும் பனங்கட்டிக்கும் மற்றது: இயற்கைச் சீனி உடம்புக்கு ஒன்றும் செய்யாது. காலையில் எலுமிச்சந் தண்ணீரில் மூன்று கரண்டி தேன், கொழுப்பைக் கரைக்க. பின்னேரத் தேத்தண்ணியோடு யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த பனங்கட்டி, நாலு கடி. "உது மருந்து, தம்பி."

ஹேர்னிங் சித்தி விநாயகர் கோயிலில்தான் அவரைப் பார்க்கவேண்டும். ஒரு பழத்துக்காக உலகத்தையே அம்மையப்பனில் அடக்கிச் சுற்றி வந்த பிள்ளையார் முன்னால் நின்றுகொண்டு, ஐயர் நீட்டிய வாழைப்பழத்தைக் கண்ணில் ஒற்றிப் பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுவார். சர்க்கரைப் புக்கைக்கு மட்டும் இரண்டு கையையும் சேர்த்து ஏந்துவார். மோதகம் வந்தால், அது பிள்ளையாருக்குப் பிரியம் என்பதை நமக்கு நினைவுபடுத்துவார்.

சாமத்தியவீட்டு மண்டபத்தில் ரோல்ஸ் மூன்று, பற்றிஸ் இரண்டு, கடைசியில் பழத்தட்டு. தட்டைத் தள்ளிவிட்டு ஒரு பெரிய கிளாஸ் ஒறேஞ்ச் ஜூஸ் எடுப்பார். "அது பழந்தானே அண்ணை?" என்றால், "பழமில்லை, ஜூஸ்" என்பார்.

அவருடைய நீதிமன்றம் தலைகீழாக இருப்பது இந்த இடத்தில்தான். வாழைப்பழத்துச் சீனியும் சீனிப்போத்தல் சீனியும் இரசாயனத்தில் உறவுதான். அவ்வளவுக்கு அவர் சரி. ஆனால் ஆப்பிளில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு தண்ணீர். மிச்சத்தில் நாரும் உண்டு. கடித்து மென்று இரண்டு ஆப்பிள் முடிப்பதற்குள் வாயும் வயிறும் போதும் என்றுவிடும். மூன்று தோடம்பழத்தைப் பிழிந்தால் ஒரு நிமிடத்தில் தொண்டையைத் தாண்டிவிடும், போதும் என்று சொல்ல ஆள் இருக்காது. 2015இல் உலக சுகாதார நிறுவனம், நாளாந்தச் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே வைத்திருக்கவேண்டிய சீனி எது என்று வரையறுத்தபோது, போத்தல் சீனியோடு தேனையும் பழச்சாற்றையும் அதில் சேர்த்தது. முழுப் பழத்தைச் சேர்க்கவில்லை. நம்மவர் விடுதலை செய்தவையெல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆயுள்தண்டனை கொடுத்த வாழைப்பழம் இல்லை.

அரசியலும் உண்டு. 2011 அக்டோபரில் டென்மார்க் அரசு நிறைவுற்ற கொழுப்புக்கு வரி போட்டது. வெண்ணெய் விலை ஏறியது. சனம் எல்லை தாண்டி ஜெர்மனியில் போய் வாங்கியது. ஒரு வருடம் சொச்சத்தில் வரியை எடுத்துவிட்டார்கள். "பிழையான சாமானுக்கு வரி போட்டவங்கள்" என்பது அவருடைய தீர்ப்பு. எதற்குப் போட்டிருக்கவேண்டும் என்று கேட்கத் தேவையில்லை.

காசிக்குப் போனால் ஆசைப்பட்ட காய் ஒன்றையும் பழம் ஒன்றையும் விட்டுவிட்டு வரவேண்டும் என்பார்கள். போய்வந்தவர்களில் பலர் விட்டது பாவற்காயைத்தான். சீனிக் கணக்கரும் அந்தக் கட்சி. கறுத்தக்கொழும்பான் மாம்பழம் தின்று வளர்ந்தவருக்குக் கப்பலில் பச்சையாக ஏறிக் கடையில் பழுத்த வாழைப்பழம் ஒருநாளும் ருசித்ததில்லை. ருசிக்காததை விடுவது மிகச் சுகமான விரதம். எடை குறையாவிட்டாலும், விட்ட பெருமை கிடைக்கும்.

அவருடைய மகள் உணவியல் படித்தவள். ஒருநாள் கடதாசி ஒன்றை முன்னால் வைத்தாள்.

"அப்பா, இதை வாசியுங்கோ. அமெரிக்காவிலை செய்ததில்லை, பக்கத்து ஹோல்ஸ்டப்ரோவிலை."

2013இல் மேற்கு யூலண்ட் பிராந்திய மருத்துவமனையின் ஊட்டச்சத்துத் துறையினர் வெளியிட்ட ஆய்வு. புதிதாக நீரிழிவு கண்ட, எடை கூடிய 63 பேர். பாதிப் பேருக்கு நாளுக்குக் குறைந்தது இரண்டு பழம் தின்னச் சொன்னார்கள். மற்றப் பாதிக்கு இரண்டுக்கு மேல் தொடாதே என்றார்கள். பன்னிரண்டு கிழமை கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் எடை குறைந்திருந்தது. எடையிலோ, இடுப்புச் சுற்றளவிலோ, இரத்தச் சீனி அளவிலோ பழத்தைக் குறைத்தவர்களுக்குத் தனி இலாபம் எதுவும் இல்லை. நீரிழிவுக்காரருக்குப் பழத்தைக் கட்டுப்படுத்த வேண்டாம் என்று முடித்திருந்தார்கள். கட்டுப்பாட்டுக் கோஷ்டிக்கே நாளுக்கு இரண்டு பழம் வரை அனுமதி. நம்மவர் அந்தக் கோஷ்டியையும் மிஞ்சியவர்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியில் இருந்து கடைசி வரை வாசித்தார். வாசித்ததை மறுபடி வாசித்தார். மனைவி நம்பிக்கையோடு குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தாள்.

"நல்ல ஆராய்ச்சிதான், பிள்ளை. பிழை சொல்ல ஏலாது" என்றார். "ஆனால் முழுக்கப் பழத்தைப் பற்றித்தானே எழுதியிருக்கினம்? வீனர்பிறோட்டைப் பற்றி ஒரு குறையும் சொல்லேல்லை."