மாமியார் வீட்டுச் சிப்பி

குளச்சல் பக்கம் கடற்கரை ஊரில் பெண்ணெடுத்தவன் மீனைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. நான் மதுரைக்காரன். எங்கள் வீட்டில் மீன் என்பது ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐஸ் பெட்டிக்குள்ளிருந்து பிறக்கிற ஜீவன். இங்கேயோ, மச்சான் காலையில் இடுப்பில் வலைப்பையைக் கட்டிக்கொண்டு கடலில் முங்கி, பாறையில் ஒட்டியிருக்கிற சிப்பியை உளியால் பெயர்த்துக்கொண்டு வருகிறார். பையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட முற்றத்தில் கொட்டி, "மச்சான், இது நேத்து செத்தது இல்ல, இப்பவும் உயிரோடதான் இருக்கு" என்று பெருமையாகச் சொல்வார். அதுதான் எனக்குப் பயம்.

எனக்கு நீச்சல் தெரியாது, படிக்கத் தெரியும். சாப்பாட்டு விஷயத்தில் அது கெட்ட பழக்கம். சிப்பிக்குத் துரத்திப் பிடிக்கிற வேலையே இல்லை. இருந்த இடத்தில் இருந்தபடி மணிக்கணக்கில், லிட்டர் கணக்கில் கடல்நீரை உள்ளே இழுத்து, அதிலுள்ள நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்கிறது. சாக்கடை கலக்கிற இடத்தில் இருந்தால் சாக்கடையையும் வடிகட்டும். மீன்பிடித் துறைமுகச் சுவரில் ஒட்டியிருப்பவை பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும். மச்சான் அவற்றைத் தொடுவதில்லை. "அது டீசல் குடிச்சு வளந்தது" என்பார்.

இதுவரை சரி. கிருமியென்றால் கொதிக்க வைத்துக் கொல்லலாம். ஓடு திறந்த உடனே இறக்காமல், இன்னும் 3 முதல் 5 நிமிடம் கொதிக்கவிட்டால் போதும். ஆனால் கடலில் சில நுண்பாசிகள் பெருகும் காலத்தில் சாக்ஸிடாக்ஸின் என்றொரு நஞ்சு சிப்பிக்குள் சேர்கிறது. சிப்பிக்கு ஒன்றும் ஆகாது. தின்கிறவனுக்கு முதலில் உதடு எரியும், விரல் மரத்துப்போகும், முற்றினால் மூச்சு விடுகிற தசையே வேலைநிறுத்தம் செய்யும். எவ்வளவு கொதித்தாலும் இந்த நஞ்சு அசையாது. மாற்று மருந்தும் கிடையாது. அது உடம்பைவிட்டு இறங்கும்வரை செயற்கை சுவாசம்தான்.

இதை நான் சாப்பிட உட்கார்ந்தபோதே சொன்னேன். கூடவே வரலாறும் சொன்னேன். 1793-இல் கேப்டன் வான்கூவரின் ஆட்கள் கனடாவின் மேற்குக் கரையில் காலை உணவுக்குச் சிப்பி சுட்டுத் தின்று, ஜான் கார்ட்டர் என்பவர் அன்றே செத்துப்போனார். கேப்டன் அந்தப் பக்கத்தில் ஓரிடத்துக்கு நஞ்சுக் குடா என்றும், இன்னோரிடத்துக்குக் கார்ட்டர் விரிகுடா என்றும் பெயர் வைத்தார். எங்கள் ஊர் இட்லி எத்தனை பேரைச் சாய்த்திருந்தாலும் தேசப்படத்தில் ஏறியதில்லை.

மாமி அடுப்படியிலிருந்து ஒரே கேள்வி கேட்டார்: "அந்த வெள்ளக்காரன் யாருகிட்ட கேட்டுட்டு எடுத்தான்?"

யோசித்துப் பார்த்தால் அதுதான் கேள்வி. புதிதாக ஒரு கரையில் இறங்கியவனுக்கு எந்தப் பாறை, எந்த மாதம் என்று எப்படித் தெரியும்? ஆனால் நானும் விடவில்லை. 1997-இல் விழிஞ்சத்தில் சிப்பி தின்று ஏழு பேர் இறந்தார்கள், ஐந்நூறு பேருக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்; அவர்கள் யாரும் வெள்ளைக்காரர் இல்லையே என்றேன். மாமி கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னார்: "தெரியும் மருமவனே. கடல் நிறம் மாறினா உங்க மச்சான் முங்கமாட்டான். எவனுக்காவது வாய் மரத்துச்சுன்னு காதுல விழுந்தா, இந்த வீட்டுல சிப்பிச் சட்டி ஏறாது."

நிறம் மாறாமலும் நஞ்சு இருக்கலாம் என்பதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பெரியமாமா தன் வெள்ளி மோதிரத்தைக் கழற்றி, "சட்டியில போடு, கறுக்குதான்னு பாப்போம்" என்று ஆரம்பித்தார். வெள்ளியைக் கறுக்க வைப்பது கந்தகம். அவித்த முட்டையோடு வைத்தாலும் மோதிரம் கறுக்கும். சாக்ஸிடாக்ஸினுக்கோ மோதிரத்தின்மேல் எந்த அபிப்பிராயமும் இல்லை. ஆய்வகத்தில் சோதித்தால்தான் தெரியும். இவ்வளவையும் விளக்கியபின் மாமா மோதிரத்தைத் திரும்ப மாட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் மாமியிடம், "படிச்ச மாப்பிள வேண்டாம்னு அப்பவே சொன்னேன்" என்றார்.

மாமியின் சோதனையில்தான் எனக்கு மரியாதை. பச்சைத் தண்ணீர் வாளியில் ஊறப்போடவே விடமாட்டார். கடல் சீவன் நல்லதண்ணியில் செத்துப்போகும். ஈரத் துணிதான். ஓடு உடைந்தது வெளியே. வாய் பிளந்திருக்கிறதை ஒவ்வொன்றாகத் தட்டுவார், பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுக்கிற டீச்சரைப் போல. தட்டியதும் மூடிக்கொண்டால் உள்ளேன் அம்மா. மூடாதது குப்பைக்கு. பிறகு ஓட்டைத் தேய்த்து, பாறையைப் பிடித்திருந்த நாரைப் பிடுங்கி, அவித்து, சதையை எடுத்துச் சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, தேங்காய்ப் பல், கைநிறைய மிளகோடு வதக்கினால், அந்த வாசனைக்கு முன்னால் கேப்டன் வான்கூவர் யார்?

இலையில் விழுந்தது. மென்றேன். கொஞ்ச நேரத்தில் உதடு எரிந்தது.

"மாமி, உதடு எரியுது."

"மிளகு கூடிப்போச்சா?"

எனக்கு எப்படித் தெரியும்? விரலைக் கிள்ளிப் பார்த்தேன், வலித்தது. மச்சான் என் இலைப் பக்கம் கையை நீட்டி, "பயமா இருந்தா இங்க தள்ளுங்க" என்றார். இலையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.