மொட்டைமாடி மைக்ரான்காரர்

கோயம்புத்தூரில் தடுக்கி விழுந்தால் லேத் பட்டறை. அந்த ஊரில்தான், மொட்டைமாடியில் தகர ஷீட் போட்டு, சொந்தமாக சி.என்.சி. மில்லிங் மெஷின் செய்துகொண்டிருக்கிறார் ஒருவர். கணபதியிலும் இருப்பார், பீளமேட்டிலும் இருப்பார். ஆள்தான் வேறு, பேச்சு ஒன்றே: "வாங்குனா லட்சக்கணக்குல ஆகுமுங்க. நாமளே செஞ்சா பாதிக்குப் பாதி மிச்சம்!"

மிச்சமான காசை வீட்டம்மா இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். உக்கடத்தில் எடைக்கு வாங்கிய இரும்புத் தட்டு, நேமா 23 ஸ்டெப்பர் மோட்டார் மூன்று, 16 மி.மீ. பால் ஸ்க்ரூ, மூளைக்கு ஓர் ஆர்டுயினோ. ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 24,000 சுற்று சுற்றும். சூடு தணிக்கத் தண்ணீர் ஓட வேண்டும். குளியலறை பக்கெட் காணாமல் போனது அப்படித்தான்.

அவருடைய பரம எதிரி 'பிளே'. டேபிளை 10 மி.மீ. முன்னால் அனுப்பித் திரும்பக் கூப்பிட்டால், புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்க வேண்டும். நிற்காது. ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் நடுவே இருக்கிற ஆட்டத்தைத் தின்ற பிறகுதான் மோட்டார் டேபிளை நகர்த்தும். காந்த ஸ்டாண்டில் டயல் கேஜை மாட்டி, மூச்சை அடக்கி, முள்ளையே பார்ப்பார். எட்டுக் கோடு தள்ளி நிற்கும். "எண்பது மைக்ரானுங்க!" என்பார், பங்காளி வரப்பை வெட்டிச் சேர்த்துக்கொண்ட ஆத்திரத்தோடு. அவர் நிற்கும் மாடியோ கொத்தனார் குத்துமதிப்பாகக் கட்டியது. அதுவும் போகட்டும், "அஞ்சு நிமிசத்துல வந்தர்றேன்" என்று பால் வாங்கப் போகிறாரே, அந்த நிமிடத்தை அளக்க எந்த கேஜும் கிடையாது.

கீழே மிக்சி ஓடினால் மேலே மெஷின் நின்றுவிடும். மிக்சி கிளப்புகிற மின் இரைச்சல் லிமிட் சுவிட்ச் ஒயரில் ஏற, டேபிள் ஓரத்தில் முட்டிவிட்டது என்று நம்பி ஆர்டுயினோ அலாரம் போட்டுவிடும். ஷீல்டு ஒயரும் சின்னக் கெப்பாசிட்டரும் போட்டால் பெரும்பாலும் சரியாகும். போடும்வரை வீட்டில் சட்னி கிடையாது. வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊரில், அரைப்பதற்கு மாடிப்படியில் நின்று அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது.

"ஏனுங்க, தேங்காயப் போடட்டுங்களா?"

"இரு கண்ணு, இன்னும் நாலு வரி ஜி-கோடு இருக்குது!"

மெஷின் ஓடாதா என்றால், ஓடும். முதலில் மரப்பலகையில் பிள்ளையார் வருவார், தும்பிக்கை சற்றே கோணி. அடுத்து அலுமினியம். அதில் என்ன வெட்டுகிறார்? அதே மெஷினுக்குப் புது மோட்டார் மவுண்ட். பழையது நெளிகிறதாம். புதியதை மாட்டியதும் ஸ்பிண்டில் பிராக்கெட் நெளிவது தெரியவரும். அதையும் இதிலேயே வெட்டுவார். வெளியாள் கொண்டுவந்த வேலை ஒன்றுகூட அந்த டேபிளில் ஏறியதில்லை.

ஆனால் உங்கள் மெஷின் எதனால் மக்கர் பண்ணுகிறது என்று காதால் கேட்டே சொல்லிவிடுவார். தாராளமாகப் போய்ப் பாருங்கள், காபி கொடுத்து உபசரிப்பார். பால் மட்டும் நீங்களே வாங்கிப் போய்விடுங்கள்.