பலூனுல வந்த டவரு

ஏலே பேராண்டி, டவரு கிடைக்கலன்னு தண்ணித்தொட்டி ஏணியில தொங்குறியே, கீழ இறங்கு. உனக்கு முன்னாடியே ஒருத்தன் ஏறிட்டான். ஏணியில இல்ல, பலூனுல.

கூகுள்காரன்தான். 2013-ல நியூசிலாந்துல பறக்க விட்டான். பேரு ‘லூன்’. திருவிழா பலூன்னு நினைச்சியா? ஒண்ணொண்ணும் டென்னிஸ் மைதானம் அகலம். 20 கிலோமீட்டர் உசரம். பிளேனெல்லாம் அதுக்குக் காலடியிலதான் போகும். வெயில்ல கரண்டு எடுத்து, கீழ இருக்குற போனுக்கு டவரா நிக்கும். நிக்கும்னா சொன்னேன்? காத்துல எங்கடா நிக்க! ஒரு அடுக்குல காத்து கிழக்க இழுக்கும், இன்னொரு அடுக்குல மேக்க இழுக்கும். ஏறி இறங்கித் தோதான காத்தைப் பிடிச்சுக்கணும். அதுக்குப் புத்தி சொல்லக் கம்ப்யூட்டரு. உங்க அப்பத்தா சுளகும் கையுமாக் களத்துல காத்துப் பாத்து நின்னாளே, அவளுக்கு எவன் சொல்லிக் கொடுத்தான்?

2020 ஜூலையில கென்யாவுல கடை விரிச்சான். 35 பலூனு, 50,000 சதுர கிலோமீட்டரு. எங்கயிருந்து ஏத்தி விட்டான்னு கேளு. போர்ட்டோ ரிக்கோ, நெவாடா! மேலத்தெருக் கல்யாணத்துக்கு அடுத்த ஜில்லாவுல பந்தல் போட்ட கதை. அதுவும் போகட்டும். அந்தரத்துல மிதக்குறதுக்கும் சிக்னல் தரையிலிருந்துதான் போகணும். கையில 4ஜி போனும் வேணும். ஆடு மேய்க்கிறவன் பட்டன் போனைத் தூக்கிக் காட்டினா, பலூனு ‘வாங்க மாமா’ன்னா கூப்பிடும்?

ஆறே மாசம். 2021 ஜனவரியில மூட்டையைக் கட்டிட்டான். கட்டுபடியாகலையாம்.

ஆனா பொய் சொல்லக் கூடாதுலே. 2017-ல மரியா புயலு போர்ட்டோ ரிக்கோவைப் புரட்டிப் போட்டுச்சு. டவரெல்லாம் படுத்துருச்சு. அப்பக் கை கொடுத்தது இந்தப் பலூனுதான். கூரை பறந்த வீட்டுக்குத் தார்ப்பாய் கட்டலாம், தப்பில்ல. தார்ப்பாய்க்குள்ளயே பேரன் பேத்தி எடுக்க முடியுமா?

இன்னொண்ணு கேளு. 2016-ல ஒரு பலூனு இலங்கையில, கம்பளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துல வந்து கிடந்துச்சு. ஊர்ச்சனம் வாயைப் பொளந்து பாத்துச்சு. ‘விழலை, திட்டம் போட்டுத்தான் இறக்குனோம்’னாங்க அதிகாரிங்க. நானும் முந்தாநாள் வரப்புல அப்படித்தான் இறங்குனேன், முழங்கால்ல மட்டும் கொஞ்சம் சிராய்ப்பு.

நம்மூருல இறங்கியிருந்தா? டென்னிஸ் மைதானம் அளவு பிளாஸ்டிக்கு, சும்மாவா! அதிகாரி வந்து சேருறதுக்குள்ள நாலு வைக்கப்படப்புக்குப் போத்தியிருப்போம்.