காற்றைக் கேளுங்கள், கணக்கு சொல்லும்

கே: ஊர்க் காற்றின் தூசிக் கணக்கை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே இறக்கிக்கொள்ளலாமாமே, நிஜமா?
– திருச்சி வாசகர்

ப: நிஜம், அதுவும் இலவசம். ‘ஓப்பன்ஏக்யூ’ என்ற லாப நோக்கமற்ற அமைப்பு 2015-லிருந்து இந்த வேலையைச் செய்கிறது. பல நாட்டு அரசு நிலையங்கள் வெளியிடும் அளவுகளைத் திரட்டி ஒரே இடத்தில் வைத்திருக்கிறார்கள். அவர்களே பைத்தான் நிரல்மொழிக்கு ஒரு லைப்ரரியும் தருகிறார்கள். பதிவு செய்து, தரவைத் திறக்க ஒரு சாவி (ஏ.பி.ஐ. கீ) வாங்கிக்கொண்டால் போதும். அந்தச் சாவியை நிரலுக்குள் எழுதி ஊருக்கெல்லாம் அனுப்பிவிடாதீர்கள்!

கே: ஏ.ஐ. எழுதித் தந்த நிரலை ஓட்டினேன். பிழை, பிழை, பிழை! அதற்கே தெரியாதா?
– கோவை மாணவி

ப: தெரியும், பழைய சங்கதி மட்டும். ஓப்பன்ஏக்யூவின் ஒன்றாம், இரண்டாம் பதிப்பு வாசல்கள் 2025 ஜனவரியோடு மூடப்பட்டுவிட்டன. இப்போது மூன்றாம் பதிப்புதான். உங்கள் நிரலில் ‘வி2’ என்று இருக்கிறதா, பாருங்கள்.

கே: ‘சென்னை’ என்று கொடுத்தால் ஒன்றும் வரவில்லையே?
– தாம்பரம் வாசகர்

ப: புதிய பதிப்புக்கு ஊர்ப் பெயர் வேண்டாம், அட்சரேகையும் தீர்க்கரேகையும் வேண்டும். 13.08, 80.27 என்று கொடுத்து, சுற்றிலும் தேட வேண்டிய வட்டத்தின் ஆரம் இத்தனை மீட்டர் என்று சொல்லுங்கள். அதிகபட்சம் 25,000 மீட்டர். முதலில் நிலையங்கள் வரும். நிலையத்துக்குள் சென்சார்கள், சென்சாருக்குள் அளவுகள் என்று மூன்று படி இறங்க வேண்டும். இரண்டு எண்களையும் மாற்றிப் போட்டால் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு அருகே ஆர்க்டிக் கடலில் நிற்பீர்கள். அங்கே காற்று நன்றாகத்தான் இருக்கும்!

கே: எங்கள் ஊரில் நிலையமே இல்லை. காற்று சுத்தம் என்றுதானே அர்த்தம்?
– அரியலூர் வாசகர்

ப: தெர்மாமீட்டர் வாங்காத வீட்டில் யாருக்கும் காய்ச்சலே வராது என்கிறீர்கள்.

கே: போகியன்று விடியற்காலை தெருவே தெரியாத அளவுக்குப் புகை. நான் போட்ட வரைபடத்தில் போகிக்கு முந்தின நாள்தான் எகிறியிருக்கிறது. கருவி கோளாறா?
– ராயபுரம் வாசகர்

ப: கருவி பாவம், அதை விட்டுவிடுங்கள். தரவில் யூடிசி என்ற உலகப் பொது நேரம், உள்ளூர் நேரம் இரண்டும் வரும். நீங்கள் யூடிசியை எடுத்திருப்பீர்கள். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. நீங்கள் காலை 4 மணிக்குக் கொளுத்திய பழம்பாய் யூடிசியில் முந்தின நாள் இரவு 10:30-க்கு எரியும். பைத்தானின் ‘பாண்டாஸ்’ லைப்ரரி கொண்டு நாள்வாரியாகச் சராசரி எடுக்கும் முன் நேரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றுங்கள். தீபாவளி ராத்திரிக்கும் இதே வைத்தியம்தான்.

கே: தூசி அளவு மைனஸ் 999 என்று ஓரிடத்தில் வருகிறது. அவ்வளவு சுத்தமா?
– கடலூர் ஆசிரியை

ப: ‘அளவு இல்லை’ என்பதற்குப் பல கருவிகள் போடும் குறி அது. அப்படியே சராசரியில் சேர்த்தால் உங்கள் ஊர் சொர்க்கமாகிவிடும். அதற்காகப் பூஜ்யம் போட்டு நிரப்பாதீர்கள். கரண்ட் போன நேரமெல்லாம் காற்று சுத்தமானதாகக் கணக்கு வரும். வெற்றிடமாகவே விடுங்கள். இந்தியக் காற்றுத் தரக் குறியீடு போடுவதற்கே 24 மணி நேரத்தில் குறைந்தது 16 மணி நேர அளவு வேண்டும் என்பது விதி.

கே: ஒரே காற்று. ஒரு செயலி 83, ‘திருப்தி’ என்கிறது. இன்னொன்று 137 என்று பயமுறுத்துகிறது. யார் பொய் சொல்கிறார்கள்?
– வேளச்சேரி வாசகி

ப: இருவருமே இல்லை. ஒரு கன மீட்டரில் 50 மைக்ரோகிராம் பி.எம். 2.5 என்ற நுண்தூசி இருந்தால் இந்தியக் குறியீட்டில் 83, அமெரிக்கக் குறியீட்டில் 137. அளவுகோல்தான் வேறு. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன ஒரு நாள் வரம்பு 15 மைக்ரோகிராம்தான். அதனால் குறியீட்டைப் பிடித்துக்கொண்டு சண்டை போடாதீர்கள், மைக்ரோகிராமைப் பாருங்கள். ஓப்பன்ஏக்யூ தருவதும் அதைத்தான்.

கே: மொட்டை மாடியில் மலிவான சென்சார் வைத்திருக்கிறேன். அரசுக் கருவியோடு சேர்த்துச் சராசரி போடலாமா?
– நாகப்பட்டினம் வாசகர்

ப: வேண்டாம். மலிவு சென்சார் ஒளியை வைத்துத் துகளை மதிப்பிடுகிறது. கடலோர ஈரத்தில் துகள் நீரை உறிஞ்சி ஊதினால் அளவும் ஊதிவிடும். எது தரக் கருவி, எது மலிவு சென்சார் என்று தரவிலேயே குறித்திருக்கிறார்கள், வடிகட்டி எடுங்கள். உங்கள் சென்சார், மாசு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க உதவும்.

கே: மாசு பற்றி மனு கொடுக்கப் போகிறோம். எந்த எண்ணை எழுதினால் அதிகாரி நிமிர்ந்து உட்காருவார்?
– மணலி வாசகர்

ப: ‘ஒரே நாளில் 400!’ என்று எழுதினால் ‘கருவிக் கோளாறு’ என்று ஒரே வரியில் மூடிவிடலாம். அரசின் விதியையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியத் தரத்தின்படி பி.எம். 2.5-இன் 24 மணி நேரச் சராசரி 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. வருடத்தில் 2 சதவீத நேரம் தாண்டலாம். ஆனால் தொடர்ந்து இரண்டு நாள் கூடாது. அப்படி அடுத்தடுத்த நாட்களில் தாண்டியது எத்தனை முறை என்று எண்ணுங்கள். பாண்டாஸில் சில வரி வேலைதான். நிலையத்தின் பெயர், தேதிகள், எத்தனை மணி நேர அளவு கைவசம் இருந்தது என்ற விவரம் மூன்றையும் மனுவில் சேருங்கள். இறக்கிய கோப்பை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் காட்ட வேண்டும். லைப்ரரி எண்ணைத்தான் கொண்டுவந்து தரும், கேள்வியை நீங்கள்தான் கேட்க வேண்டும். கேளுங்கள்!