நின்ற சிக்னல், கிடந்த சிக்னல்

உலகத்தின் முதல் டிராஃபிக் சிக்னலை 1868-இல் லண்டனில் நட்டார்கள் என்று படித்தவர்கள் சொல்வார்கள். திருவண்ணாமலையில் இது எடுபடாது. ‘யார் பெரியவர்’ என்று பிரம்மாவும் பெருமாளும் முட்டிக்கொண்டு வழியை அடைத்தபோது, நடுவே நெருப்புத் தூணாக எழுந்து நின்றாரே அண்ணாமலையார், அதைவிடப் பெரிய சிவப்பு விளக்கு எது?

சிவப்பு எரிந்தால் நிற்க வேண்டும். இருவருமே நிற்கவில்லை. பெருமாள் பன்றியாகிப் பூமியைத் தோண்டினார் (நம் ஊரில் ரோட்டைத் தோண்டும் வழக்கம் அன்று வந்ததாக இருக்கும்), அடி காணாமல் திரும்பித் தோல்வியை ஒப்புக்கொண்டார். பிரம்மா அன்னமாகி மேலே பறந்தார். பாதி வழியில் எதிரே இறங்கி வந்தது மஞ்சள் தாழம்பூ. மஞ்சளைக் கண்டால் யாராவது நிதானிப்பார்களா? அதையே பொய்ச்சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு வந்து, முடியைக் கண்டேன் என்று அடித்துவிட்டார். தீர்ப்பு ஸ்பாட்டிலேயே: பிரம்மாவுக்குக் கோயில் கிடையாது, தாழம்பூவுக்குச் சிவபூஜையில் தடை. அபராதம் கட்டித் தப்பிக்கிற வசதியெல்லாம் அப்போது இல்லை.

லண்டன் சங்கதி பரிதாபம். ரயில்வே இன்ஜினியர் நைட், பாராளுமன்றத்துப் பக்கம் வைத்த கேஸ் விளக்கில் சிவப்பும் பச்சையும்தான். ஒரே மாதத்துக்குள் வெடித்து, இயக்கிய போலீஸ்காரரையே காயப்படுத்தியது. மஞ்சளைச் சேர்த்தவர் 1920-இல் டெட்ராய்ட்டில் இன்னொரு போலீஸ்காரர். தாழம்பூ விவகாரம் அவர் காதுக்கு எட்டவில்லை போலும்.

2010-இல் யூனிகோடில் சிக்னலுக்கு இரண்டு எமோஜி கிடைத்தது. நம்மூர்க் கம்பம் மாதிரி ஒன்று நிற்கும். ஜப்பான் ரோட்டுப் பாணியில் ஒன்று படுத்திருக்கும். நிற்பது அண்ணாமலையார், கிடப்பது பெருமாள். எண் வரிசையில் கிடப்பவர்தான் ஒரு இடம் முந்தி. பழைய சண்டைக்கு மறுபடி ஃபைல் திறக்கலாம்.

பௌர்ணமி ராத்திரி “எங்க இருக்கீங்க மாமா?” என்று கேட்டால், வேலூர் ரோட்டில் பஸ்ஸோடு மாட்டிய மாமாவிடமிருந்து வருவது நிற்கிற சிக்னல் மூன்று. ‘நகரவே இல்லை’ என்று அர்த்தம். பெண் வீட்டார் சம்மதித்த செய்திக்கும் அதே படம்தான். பச்சையை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். கார்த்திகை தீபத்தன்று அர்த்தம் தலைகீழ். மலை உச்சியில் கொப்பரை செக்கச்செவேல் என்று எரிந்ததும், 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் ஊரே கிளம்பிவிடும்.

எமோஜி பட்டியலிலும் தீர்ப்பு அமலில் இருக்கிறது. உண்மை சொன்ன பன்றி 2010-லேயே உள்ளே வந்துவிட்டது. அன்னம் 2018 வரை வெளியே நின்றது. தாழம்பூவுக்கு இன்னும் படமே இல்லை.