நாளுக்கு ஒரு மந்திரம், எட்டு மணி நேரத் தூக்கம்

1998-இல் வந்த 'பால்டர்ஸ் கேட்' கணினி விளையாட்டில் மந்திரவாதியாக அவதாரம் எடுப்பவருக்கு ஆரம்பத்தில் உயிர்ப்புள்ளி நான்கு முதல் ஆறு வரைதான். கைவசம் ஒரே ஒரு மந்திரம். அதையும் ஒரு தடவை சொன்னால் தீர்ந்தது. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தால்தான் அடுத்தது. அதுவரை உலகைக் காக்க வந்த மகான் கவண்கல் எறிந்துகொண்டிருப்பார். காட்டில் ஓநாய் ஒன்று எதிர்ப்பட்டு ஒரு கடி கடித்தால் கதை முடிந்தது. கூட்டாளிகள் குத்துக்கல்லாக நின்றாலும், நாயகன் செத்தால் ஆட்டம் காலி.

இந்த விதிகளெல்லாம் 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வழி வந்தவை. மேசையைச் சுற்றி நண்பர்கள் உட்கார்ந்து பகடை உருட்டும் ஆட்டம் அது. நடத்துகிற டஞ்சன் மாஸ்டர் ஓர் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் இருப்பார். ஓநாய்க்கு 20 விழுந்ததை அவர் மட்டுமே பார்ப்பார். சாகப்போகிறவர்தான் இன்றைக்குச் சிப்ஸ் வாங்கி வந்தவர் என்பதும் அவருக்குத் தெரியும். "பல்லு லேசாப் பட்டுச்சுப்பா" என்று சொல்லிவிடுவார். இளகிய மனசு படைத்த சகுனி. விதிப்புத்தகத்தைக் கணினிக்குள் ஏற்றியவர்களால் இந்த ஆளை ஏற்ற முடியவில்லை. கணினிக்குச் சிப்ஸின் அருமை தெரியாது.

2018-இல் வந்த 'பாத்ஃபைண்டர்: கிங்மேக்கர்' கணினி விளையாட்டு இன்னும் கறார். ஆரம்பத்திலேயே ஒரு குகையில் சிலந்திக் கூட்டம் மொய்க்கும். புத்தகப்படி அதை வாளால் வெட்ட முடியாது, தீக்குப்பி வீச வேண்டும். நியாயம்தான். மேசையில் என்றால் யாராவது "தீப்பந்தத்தால பொசுக்கலாமா?" என்று கேட்டிருப்போம், டஞ்சன் மாஸ்டரும் சரி என்றிருப்பார்.

தூக்க விவகாரம்தான் பெரிய கூத்து. 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 2014 பதிப்பின் நடத்துநர் கையேடு ஒரு நாளில் ஆறு முதல் எட்டு மோதல்கள் வரை வரும் என்று கணக்குப் போட்டது. மந்திரங்களைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும் என்பது எண்ணம். 2023-இல் வந்த 'பால்டர்ஸ் கேட் 3'-இல் நாங்கள் முதல் மோதலிலேயே இருப்பதையெல்லாம் கொட்டிவிட்டு முகாமுக்குப் போய்ப் படுத்துவிடுகிறோம். கதைப்படி எங்கள் மண்டைக்குள் ஒரு புழு நெளிகிறது, சில நாளில் எங்களைப் பூதமாக்கிவிடும். ஆனாலும் குறட்டைதான். ஒரு ராத்திரிக்கு நாற்பது புள்ளி மதிப்புள்ள சாப்பாடு வேண்டும் என்று தடுத்துப் பார்த்தார்கள். ஊரிலுள்ள பீப்பாய்களையெல்லாம் துழாவி உருளைக்கிழங்கு சேர்த்தோம்.

தோல்வி தொடர்ந்து விழாமல் பார்த்துக்கொள்ள 'கார்மிக் டைஸ்' என்றொரு வசதியும் அதில் உண்டு. பெல்ஜியத்துக் கம்பெனிக்குக் கர்மவினையைப் பற்றி யார் சொல்லிக் கொடுத்தார்களோ!

எனக்கு அது தேவைப்படவில்லை. சேமிக்க எஃப்5, பழைய இடத்துக்குத் திரும்ப எஃப்8 என்று விசைப்பலகையிலேயே ஒரு டஞ்சன் மாஸ்டர் இருக்கிறார். கோப்ளினுக்கு 20 விழுந்தால் எஃப்8. மறுபடியும் 20, மறுபடியும் எஃப்8. எப்போதாவது அதற்கு 3 விழும். உடனே நாற்காலியில் சாய்ந்து, என் போர்த்தந்திரத்தை நானே மெச்சிக்கொள்வேன்.